செலோடேப் ஒட்டிய கேசட்

தம்பி, இதை விமானத்தில் உட்கார்ந்து படித்துக்கொள்ளலாம் என்று பையில் போட்டு வைக்காதே. ஏறுவதற்கு முன்னால் படி. ஞாயிற்றுக்கிழமை நீ மருமகளையும் பேத்தியையும் கூட்டிக்கொண்டு ஜெர்மனிக்குப் புறப்படுகிறாய். அங்கே ஓபரா அரங்கத்தில் மூன்று வருஷம் பாட உன்னை எடுத்திருக்கிறார்கள். நீ திரும்பி வரும்போது நான் இருப்பேன், எனக்கு எழுபத்தொன்றுதான் ஆகிறது, முட்டி வலியைத் தவிர வேறு கேடு இல்லை. ஆனால் தங்கா பத்து ஊரில் இருக்கிற மிஸ்ஸுக்கு எண்பத்து நான்கு. கண்ணும் போய்விட்டது. அவள் இருக்கும்போதே நீ தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று இருக்கிறது. உனக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தவளை நான் 'அவள்' என்று எழுதுவது உனக்குப் பிடிக்காது என்று தெரியும். வாயால் முப்பது வருஷம் மிஸ், மிஸ் என்று கூப்பிட்டாயிற்று. மனசுக்குள் எப்படிக் கூப்பிட்டேனோ அப்படித்தான் கையிலும் வருகிறது. இதில் பொய் எழுதக் கூடாது என்று உட்கார்ந்திருக்கிறேன், மரியாதையில் ஆரம்பித்துப் பொய் வேண்டாம்.

கடிதத்தை உனக்கு மட்டும் ஏன் கொடுக்கவில்லை, பத்திரிகைக்கு ஏன் அனுப்பினாய் என்று கேட்பாய். போன மாதம் கோலாலம்பூரில் உன் ஓபரா முடிந்ததும் முன்னூறு பேர் முன்னால் மைக்கைப் பிடித்து ஒரு கதை சொன்னாயே, அதற்காகத்தான். நீ கூட்டத்தில் சொன்னதற்கு நான் கூட்டத்தில்தான் பதில் சொல்ல வேண்டும். நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாவது வரை படித்தவள். நாலு கோடு போட்ட நோட்டில் ஐந்து நாளாக எழுதுகிறேன். உன் அக்கா மகள் எழுத்துப்பிழையைத் திருத்துகிறாள். விஷயத்தைத் திருத்தக் கூடாது என்று சொல்லிவிட்டேன்.

எனக்கு மறதி கிடையாது, அது உனக்குத் தெரியும். தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில், எனக்குப் பதினான்கு வயசு, பாடு பாடு என்று என்னை மைக்குக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டு, தோட்டத்துக் கணக்குப் பார்க்கும் கிராணியார் மகள் ஜரிகைப் பாவாடையோடு வந்ததும் மைக்கை அவள் கையில் கொடுத்தார்கள். பச்சைப் பாவாடை. ஓரத்தில் மயில். அந்தப் பெண் மூக்கால் பாடினாள். சனங்கள் கைதட்டினார்கள், தட்டாவிட்டால் கிராணியார் மறுநாள் விடியக்காலை ஆள் எண்ணும் பெரட்டில் பார்த்துக்கொள்வாரே. நான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு லயத்து வீட்டுக்கு நடந்து வந்தேன். அதற்குப் பிறகு நான் பாடியதெல்லாம் ஆயாக்கொட்டகையில், பால்மரம் வெட்டப் போனவர்களின் பிள்ளைகளைத் தூங்க வைக்க. முப்பது பிள்ளைகள் ஒரே நேரத்தில் அழுதாலும் என் குரல் அதற்கு மேலே போகும். வேலை மேய்க்கிற தண்டல் ஒருநாள் எட்டிப் பார்த்து, "ஏம்மா, ஒஞ் சத்தத்துல பிள்ளைங்க பயந்து தூங்குதா, இல்ல பாட்டு கேட்டு தூங்குதா?" என்றார். நான் பாராட்டு என்று வாங்கிய ஒரே வார்த்தை அதுதான்.

உன் அப்பா போனது உன் ஆறாவது வயசில். தோட்டத்தை முதலாளி விற்று, அந்த இடத்தில் வீடுகள் கட்ட ஆரம்பித்ததும் பாயா ரும்புட்டுக்கு வந்தோம். தங்கா பத்தில் ஒரு யுரேசியன் அம்மா வீட்டில் கூட்டித் துடைக்க ஆள் தேடுகிறார்கள் என்று பஸ்ஸில் ஒரு அக்கா சொன்னாள். போனேன். தனியாள், கல்யாணம் இல்லை, தேவாலயத்தில் பாட்டுக் குழுவை நடத்துகிறவள், முன்னறை முழுக்கப் பியானோ. அவளுக்குத் தமிழ் வராது, எனக்கு இங்கிலீஷ் வராது, மலாயில்தான் பேசிக்கொண்டோம். என்னைவிடப் பதின்மூன்று வயசு பெரியவள். ஆனாலும் என்னை 'அக்கா' என்றுதான் கூப்பிட்டாள். யாராவது தமிழ்க் கடைக்காரரிடம் பிடித்திருப்பாள்.

பள்ளி விடுமுறையில் உன்னை வீட்டில் விட ஆள் இல்லாமல் அங்கே கூட்டிப் போனேன். உனக்கு எட்டு வயசு. பின்கட்டுப் படியில் உட்கார்ந்து, நான் ஆயாக்கொட்டகையில் பாடுகிற தாலாட்டைப் பாடிக்கொண்டிருந்தாய். நான் உள்ளே துணியைப் பிழிந்துகொண்டிருந்தேன். பியானோ நின்றது. மிஸ் செருப்புச் சத்தமே இல்லாமல் வந்து கதவில் நின்றாள். நீ முடிக்கிற வரைக்கும் நின்றாள். பிறகு உன்னிடம் கேட்டாள், "யார் சொல்லிக் கொடுத்தது?"

நீ என்ன சொன்னாய் என்று உனக்கு ஞாபகம் இருக்காது. எனக்கு இருக்கிறது. "யாருமில்ல" என்றாய்.

நான் மூன்றடி தூரத்தில் ஈரத்துணியோடு நின்றேன். எட்டு வயசுப் பிள்ளை, பயத்தில் சொன்னது, விளையாட்டாகச் சொன்னது, எல்லாம் தெரியும். பெற்ற பிள்ளைமேல் வன்மம் வைத்தவள் உண்டா என்று கேட்காதே. உண்டு. அன்றைக்கு வைத்தேன்.

அதற்குப் பிறகு பத்து வருஷம், வாரத்துக்கு இரண்டு நாள். நான் துடைத்த தரையில் உன்னை மல்லாக்கப் படுக்க வைத்து வயிற்றின்மேல் தடிப் புத்தகத்தை வைப்பாள். மூச்சு விட்டால் புத்தகம் எழும்ப வேண்டும், தோள் அசையக் கூடாது. கொட்டாவி விடுவதுபோல் வாயைத் திற என்பாள். சுவரில் முதுகை ஒட்டி நிற்க வைப்பாள். உன் முகவாயைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்புவாள். நான் பெற்ற முகவாய். மிளகாய் ஊறுகாய் கூடாது, ஐஸ் கூடாது, பாடம் உள்ள நாளில் என் ரசம்கூடக் கூடாது, தொண்டையைச் சுடுமாம். அன்றைக்கெல்லாம் நீ அவள் கொடுக்கும் வெள்ளை ரொட்டியும் முட்டையும் தின்று வீட்டுக்கு வருவாய். "பசிக்கல மா" என்பாய். நான் ரசத்தைச் சாக்கடையில் ஊற்றுவேன். பதின்மூன்று வயசில் உன் குரல் உடைந்தபோது ஒரு வருஷம் பாடவே கூடாது என்று உன்னை நிறுத்தி வைத்தாள். நீ அழுதாய். நான் மாரியம்மனுக்குத் தேங்காய் உடைத்தேன், எதற்கென்று நீ கேட்கவில்லை. உடைந்த குரல் உடைந்தபடியே போகட்டும் என்றுதான் உடைத்தேன். அம்மன் என் பேச்சைக் கேட்கவில்லை, பள்ளத்தில் இடி இறங்கியதுபோல் ஒரு குரலை உனக்குக் கொடுத்தாள்.

நான் உங்கள் பாட்டைக் கேட்கவில்லை, வாளியும் கட்டைத் துடைப்பமுமாகத் திரிந்தேன் என்றுதான் இரண்டு பேரும் நினைத்தீர்கள். தம்பி, அந்த வீட்டில் நீ பாடிய ஒவ்வொன்றும் எனக்குத் தெரியும். இத்தாலிக்காரன் பாஷையோ ஜெர்மன் பாஷையோ, வார்த்தை தெரியாது, ராகம் தெரியும். எங்கே ஏறும், எங்கே நின்று திரும்பும், எங்கே நீ மூச்சைத் திருடுவாய், எல்லாம் தெரியும். மிஸ் பியானோவை நிறுத்துவதற்கு முன்னாலேயே, நீ தப்பிய இடத்தில் என் கையில் துணி நின்றுவிடும். மிஸ் வீட்டுப் பின்னால் துணி காயப் போடும்போதும், நம் வீட்டில் நீ பள்ளிக்கூடம் போனபிறகு துணி காயப் போடும்போதும் வாய்க்குள் பாடிப் பார்ப்பேன். யாரும் கேட்டதில்லை என்றுதான் நினைத்தேன். பக்கத்து வீட்டு மலாய்க்காரி மட்டும் ஒருநாள் வேலிக்கு மேலே தலையை நீட்டி, "ரேடியோவா?" என்றாள். ஆமாம் என்றேன்.

இப்போது அந்தக் கேசட்டுக்கு வருகிறேன். உனக்குப் பதினெட்டு. வெளிநாட்டு இசைப் பள்ளிக்கு விண்ணப்பம். மூன்று பாட்டைப் பதிந்து அனுப்பச் சொல்லியிருந்தார்கள். மிஸ் வீட்டில் பதிவு. மின்விசிறியை நிறுத்தினாள், ஜன்னலைச் சாத்தினாள், சுவர்க் கடிகாரத்தைக்கூட இறக்கித் துணியில் சுற்றினாள். நான் மூலையில் சத்தம் காட்டாமல் நின்றேன், கேட்கலாம் என்று. நீ திரும்பிப் பார்த்தாய். "மா, அந்த வாளிய எடுத்துக்கிட்டு கொஞ்சம் வெளிய போங்களேன். வளையல் சத்தம் விழுந்துரும்லா." மிஸ் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னது நீ. இரண்டு கண்ணாடி வளையல், கழற்றச் சொல்லியிருந்தால் கழற்றியிருப்பேன்.

பின்னால் புளிச்சக்காய் மரத்தடியில் கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்திருந்தேன். சாத்திய ஜன்னல் வழியாகக் கேட்டது. மூன்றாவது பாட்டு, அந்தக் கிழட்டு அப்பன் போருக்குப் போகும் மகனை வழியனுப்புவதாக மிஸ் சொல்லியிருந்தாளே, அது. அதை நீ அன்றைக்குப் பாடிய மாதிரி பிறகு எந்த மேடையிலும் பாடவில்லை. எனக்கு அழுகை வரவில்லை. எரிந்தது. அது மிஸ்மேல் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.

பாடி முடிந்ததும் மிஸ் ஒரு வேலை செய்தாள். கேசட்டின் முதுகு ஓரத்தில் இரண்டு சின்னப் பிளாஸ்டிக் பல் இருக்கும், அந்தக் காலத்து ஆட்களுக்குத் தெரியும். அதை உடைத்துவிட்டால் மேலே வேறு எதையும் பதிய முடியாது, பட்டன் இறங்காது. பேனாக் கத்தியால் இரண்டு பல்லையும் உடைத்தாள். "இனி யாரும் தொட முடியாது" என்றாள். உறையில் போட்டு, பசை ஒட்டாமல் என்னிடம் கொடுத்து, "அக்கா, விண்ணப்பத் தாளும் உள்ளே இருக்கு. போற வழியில தபால் ஆபீஸ்ல ஒட்டிப் போட்டுருங்க" என்றாள்.

நான் நேரே பாயா ரும்புட்டுக்கு பஸ் ஏறினேன். உன் அப்பாவின் ரேடியோ டேப்பில் கேசட்டைப் போட்டேன். முதலில் கேட்கத்தான் போட்டேன், அதுவரை உண்மை. இரண்டு தடவை கேட்டேன். பிறகு எழுந்து போய், நீ பள்ளிக்கூட நோட்டுக்கு அட்டை போட வைத்திருந்த செலோடேப்பை எடுத்து வந்தேன். உடைந்த பல்லுக்குமேல் அதை ஒட்டினால் மறுபடியும் பதியலாம். அந்த வித்தை லயத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் தெரியும், சினிமாப் பாட்டுக் கேசட்டில் ஒட்டித்தான் கல்யாண வீட்டுப் பேச்சையெல்லாம் பதிவோம். ஒட்டினேன். நகத்தால் தேய்த்தேன். ஆரம்பத்துக்குச் சுற்றினேன். சிவப்புப் பட்டனையும் பக்கத்துப் பட்டனையும் சேர்த்து அமுக்கினேன். பாடினேன்.

கை தவறி அமுக்கிவிட்டேன் என்று இருபது வருஷம் எனக்கே சொல்லிக்கொண்டேன். கை தவறினால் பட்டன் இறங்கியிருக்காது. அந்தச் செலோடேப் தவறி ஒட்டியது இல்லை.

உன் மூன்று பாட்டையும் நான் பாடினேன். வார்த்தை இல்லாமல், நா நா என்று. மூன்றாவதில் பாதியில் மூச்சு முட்டியது, நிறுத்தினேன். சுற்றிப் போட்டுக் கேட்டேன். தம்பி, என் குரலை நான் கேட்டது அன்றைக்குத்தான் முதல் தடவை. ஐம்பத்தொரு வயசில். நல்ல குரல். நானே சொல்கிறேன், நல்ல குரல். அப்போதுதான் விளங்கியது, எரிந்தது மிஸ்மேல் இல்லை. அவள் உன்னை எடுத்துக்கொண்டாளே என்று இல்லை. உன்மேல். என் தொண்டையை எடுத்துக்கொண்டு போய், அதற்கு ஒரு வாத்தியாரும் பியானோவும் கடிகாரத்தைத் துணியில் சுற்றுகிற மரியாதையும் சம்பாதித்துக்கொண்டு, யார் சொல்லிக் கொடுத்தது என்றால் யாருமில்லை என்று சொன்னவன் நீ. ஒரு தாய் இதை எழுதக் கூடாது. எழுதிவிட்டேன்.

மறுநாள் உறையை ஒட்டித் தபாலில் போட்டேன். போடாமலே அடுப்பில் எரித்திருக்கலாம், அதில் கொஞ்சம் மானமாவது இருந்திருக்கும். ஏன் போட்டேன் தெரியுமா? யாராவது ஒருத்தர், எந்த ஊர்க்காரராவது, உட்கார்ந்து என்னைக் கேட்கட்டும் என்றுதான்.

மூன்று மாதம் கழித்து கேசட் மிஸ் வீட்டுக்கே திரும்பி வந்தது. இது விண்ணப்பித்தவரின் பதிவு இல்லை, தேதியும் முடிந்துவிட்டது என்று ஒரு தாள். உன்னைக் கூப்பிட்டு மிஸ் சொன்னாள், "என் தப்பு. என் பழைய மெஷின். அனுப்புறதுக்கு முன்னால நான் போட்டுக் கேட்டிருக்கணும்." நீ கத்தினாய். அவள் வீட்டில் அவள் முகத்துக்கு நேரே, இங்கிலீஷில் கத்தினாய். எனக்கு அர்த்தம் தெரியாது, சத்தம் தெரியும். நான் வாளியோடு சமையலறை வாசலில் நின்றேன். மிஸ் உன் தோளுக்கு மேலே என்னை ஒரே ஒரு தடவை பார்த்தாள். பிறகு உன்னிடம் "மன்னிச்சுக்கோ" என்றாள். நான் கீழே குனிந்து, துடைத்த இடத்தையே துடைத்தேன்.

எட்டு மாதம் நீ அந்த வீட்டுப் படி ஏறவில்லை. தொழிற்சாலையில் ஷிப்ட் வேலைக்குப் போனாய். என் ரசத்தைக் குடித்தாய். ஊறுகாய் தின்றாய். பொய் சொல்லமாட்டேன், முதல் மாதம் நான் ராணி மாதிரி இருந்தேன். பிறகு வீடு அமைதியாகிப் போனது. குளிக்கும்போதுகூட நீ வாயைத் திறக்கவில்லை. துணி காயப் போடும்போது எனக்கும் பாட்டு வரவில்லை. அப்படி ஒருநாள் மிஸ் டாக்ஸியில் வந்து நம் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "வருஷம்தான் போச்சு. குரல் போகல. வா" என்றாள். நீ போனாய். இரண்டாவது கேசட்டைப் பதிந்ததும் உறையை எடுக்க நான் கையை நீட்டினேன். "தா ஆப்பா, அக்கா" என்றாள், பரவாயில்லை என்று. "உங்களுக்கு முட்டி வலி. நானே போறேன்." அன்றைக்கு எனக்கு முட்டி வலியே கிடையாது. அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும்.

இனிமேல் நடந்தது உனக்குத் தெரிந்ததுதான். படித்தாய், பாடினாய், கல்யாணம் செய்தாய், போன மாதம் கோலாலம்பூரில் அந்தக் கிழட்டு அப்பன் வேஷத்தையே போட்டாய். எனக்கும் மிஸ்ஸுக்கும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. மேடைக்கு மேலே பாட்டின் அர்த்தம் எழுத்தாக ஓடியது, எனக்கு அது தேவைப்படவில்லை. தோட்டத்தில் போடுகிற கூத்து மாதிரிதான் ஓபராவும். அழுவதையும் பாடிக்கொண்டே அழுவார்கள், சாகிறவன்கூட முழுசாகப் பாடிவிட்டுத்தான் சாவான். மைக் மட்டும் கிடையாது. அது எனக்குப் பிடித்தது, யாரும் யார் கையிலிருந்தும் மைக்கைப் பிடுங்க முடியாது. நீ வெள்ளைத் தாடியோடு முன்னால் வந்து அந்தப் பாட்டை எடுத்தபோது, எந்த இடத்தில் நீ மூச்சு வாங்குவாயோ அந்த இடத்தில் என் மூச்சும் நின்றது. பக்கத்தில் மிஸ்ஸின் மூச்சும் அங்கேயே நின்றது. இருட்டில் அது எனக்குக் கேட்டது. எனக்குப் பிடிக்கவில்லை.

முடிந்து எல்லாரும் கேள்வி கேட்டபோதுதான் நீ அந்தக் கதையைச் சொன்னாய். மருமகள் என் காதில் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். "என் டீச்சர் பெரிய மேதை. ஆனா டேப்ல எந்தப் பட்டன் எதுக்குன்னு மட்டும் தெரியாது. அவங்க புண்ணியத்துல ஒரு வருஷம் ஃபேக்டரியில ஸ்க்ரூ முடுக்கினேன்." முன்னூறு பேரும் சிரித்தார்கள். மிஸ்ஸும் சிரித்தாள், கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே. நீ வேடிக்கையாகத்தான் சொன்னாய். ஆனால் உன் சிரிப்புக்குள் முள் இருந்தது. முள்ளை வைத்துக்கொள்கிற பழக்கம் உனக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும்.

அடுத்த நாள் கடலோரத்து உம்பாய்க்குச் சுட்ட மீன் சாப்பிடக் கூட்டிப் போனாய். அம்மாவுக்காக என்றுதான் சொன்னாய், மிஸ்ஸையும் ஏற்றிக்கொண்டாய். அவளுக்குக் கண் தெரியாது என்று மீனில் முள் எடுத்து எடுத்து அவள் தட்டில் வைத்தாய். நான் என் மீனை நானே பிய்த்துத் தின்றேன். பேத்தி என்னைப் பார்த்து, "பாட்டி ஏன் மீன அடிக்கிறீங்க?" என்றாள். இந்த வயசிலும், அந்த நிமிஷத்திலும், மிஸ் வாயில் ஒரு முள் மாட்டாதா என்றுதான் நினைத்தேன். முதல் நாள்தான் என் பழியை அவள் முன்னூறு பேர் முன்னால் சுமந்திருந்தாள்.

அதனால் திங்கட்கிழமை நான் தனியாகத் தங்கா பத்துக்குப் போனேன். வேலையை விட்டு நாலு வருஷத்துக்குப் பிறகு முதல் தடவையாக முன்வாசல் வழியாகப் போனேன். மிஸ் பியானோவுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள், வாசிக்கவில்லை, சும்மா. நின்றபடியே சொல்லிவிட்டேன், உட்கார்ந்தால் சொல்லமாட்டேன் என்று பயம். "மிஸ், அந்தக் கேசட்டைக் கெடுத்தது நான்."

"தெரியும் லா" என்றாள்.

"எப்ப தெரியும்?"

"வந்த அன்னிக்கே. பல்லை உடைச்சது நான். செலோடேப் ஒட்டுனது யாரு, தபால்காரனா?"

"குரல்?"

"பத்து வருஷம் என் வீட்டுத் துணி காயப்போடுற இடத்துல கேட்ட குரல் எனக்குத் தெரியாதா, அக்கா?"

எனக்குக் கோபம்தான் வந்தது. இருபது வருஷம். "தெரிஞ்சும் ஏன் மிஸ் உங்க தலையில போட்டுக்கிட்டீங்க? ஏன் சொல்லல?"

அவள் கொஞ்ச நேரம் பியானோவின் கறுப்புக் கட்டைகளைத் தடவினாள். "டீச்சர் போனா அவனுக்கு வேற டீச்சர் கிடைப்பாங்க" என்றாள்.

பார்த்தாயா, அங்கேயும் அவள்தான் பெரியவள். நான் குற்றத்தைச் சொல்லப் போன இடத்தில்கூட எனக்கு அவள் ஒரு படி மிச்சம் வைக்கவில்லை. பொறாமை போகும் என்று போனேன், இன்னும் கொஞ்சம் ஏறியது.

பியானோ முக்காலியின் மூடியைத் திறந்து துழாவினாள். பாட்டுப் புத்தகங்களுக்கு அடியிலிருந்து அந்தக் கேசட். செலோடேப் மஞ்சளாகிச் சுருண்டிருந்தது. அவளுடைய பழைய மெஷின், நீ குற்றம் சொன்ன மெஷின், நன்றாகத்தான் வேலை செய்கிறது. போட்டாள். முதலில் கரகரப்பு. பிறகு நான். பின்னால் யார் வீட்டுக் குக்கரோ விசில் அடிக்கிறது. முதல் பாட்டு, இரண்டாம் பாட்டு, மூன்றாவதில் பாதி. நான் மூச்சு முட்டி நிறுத்திய இடத்தில் ஒரு 'டக்'. அதற்குப் பிறகு, தம்பி, நீ. நான் அழிக்காமல் விட்ட மிச்சம். பதினெட்டு வயசுக் குரல், மகனை வழியனுப்பும் அந்தக் கிழவனின் கடைசி வரிகள். நான் விட்ட இடத்தில் நீ எடுத்தது மாதிரி இருந்தது. நான் அழிக்கத்தான் பார்த்தேன். மூச்சு தீர்ந்ததால் மிஞ்சியது.

நான் மிஸ்ஸின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தை சொல்லுவாள் என்று. இருபது வருஷமாக வைத்திருக்கிறாளே. சொன்னாள். "ரெண்டாவது பாட்டுல சுதி இறங்குது, அக்கா. மேல ஏறுற இடத்துல. மூச்சை நெஞ்சுல வைக்கிறீங்க."

"எனக்கு யாரு சொல்லிக் கொடுத்தா, வயித்துல வைக்கணும்னு?" என்றேன்.

"யாரும் இல்லையே" என்றாள். பிறகு, "அவன் அன்னிக்குப் படியில உக்காந்து சொன்னதும் அதேதான். நானும் நம்பிட்டேன். அது என் தப்பு. மெஷின் தப்பு இல்ல" என்றாள்.

இவ்வளவுதான் நடந்தது. இனி நான் சொல்ல வேண்டியது. ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் நீ தங்கா பத்துக்குப் போக வேண்டும். மருமகள், பேத்தி எல்லாரையும் கூட்டிக்கொண்டு போ. காலில் விழ வேண்டாம், அவள் கிறிஸ்துவச்சி, கூச்சப்படுவாள். பதினெட்டு வயசில் கத்தியதற்கும், போன மாதம் சிரிக்க வைத்ததற்கும் மன்னிப்புக் கேள். அடுத்த மேடையில் அந்தக் கதையைச் சொல்வதாக இருந்தால், ஆளை மாற்றிச் சொல். என் பெயரைச் சொன்னாலும் பரவாயில்லை. என்மேல் கோபம் வரும். வரட்டும். நான் கிராணியார் மகள்மேல் ஐம்பத்தேழு வருஷமாகக் கோபம் வைத்திருக்கிறவள், கோபத்தின் கனம் எனக்குத் தெரியும், என்னால் உன் கோபத்தைத் தாங்க முடியும். என்னிடம் பேசாமல் விமானம் ஏறினாலும் தாங்குவேன். மிஸ்ஸிடம் பேசாமல் மட்டும் ஏறாதே.

இன்னொன்று. பேத்தியை அங்கே வயலின் வகுப்பில் சேர்க்கப் போவதாக மருமகள் சொன்னாள். ஏதோ ஒரு வெள்ளைக்காரி என் பேத்தியின் முகவாயைப் பிடித்துத் திருப்புவாள். உன் பிள்ளை உன்னைவிட அவள் சொல்லை மதிக்கும். உனக்கு எரியும், நீ என் பிள்ளை. எரியும்போது எழுந்து வெளியே போகாதே, வகுப்பு முடிகிற வரைக்கும் உள்ளேயே உட்கார். வெளியே உட்கார்ந்து ஜன்னல் வழியாகக் கேட்டால்தான் மனசு கெட்டுப் போகிறது. எனக்கு வேறு புத்தி சொல்லத் தெரியாது.

நீ வரும்போது நானும் அங்கே இருப்பேன். ஆமாம், வியாழக்கிழமை காலையில் பாட்டுப் படிக்கப் போகிறேன், போன வாரமும் போனேன். அவள் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை, இருந்தாலும் என் வயிற்றின்மேல் புத்தகத்தை எங்கே வைக்க வேண்டும் என்று கைக்குத் தெரிகிறது. தரையில் படுத்தால் முட்டி எழுப்பவிடாது என்று சோபாவில் படுக்கச் சொல்கிறாள். தோள் அசையுது அக்கா, தோள் அசையுது என்று இருபது தடவை திட்டுகிறாள். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அவள்மேல் எனக்கு உள்ளது போய்விட்டது என்று நினைக்காதே, போகவில்லை. எனக்கு இருபது தடவை சொல்கிறவள் உனக்கு இரண்டு தடவைதான் சொன்னாள், நான் எண்ணியிருக்கிறேன்.

நீ அவளோடு பேசி முடித்ததும் அவள் உன்னைப் பாடச் சொல்லுவாள், அந்தக் கிழவன் பாட்டைத்தான் கேட்பாள். பாடு. மின்விசிறியை நிறுத்து, ஜன்னலைச் சாத்து, கடிகாரத்தை வேண்டுமானால் இறக்கிவை. என்னைத் திரும்பிப் பார்க்காதே. வளையலைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் வருகிறேன். இந்தத் தடவை நான் வெளியே போகமாட்டேன்.

அம்மா